அப்பா பெயரில் இருக்கும் காரை விற்றுவிட்டு ஆப் டாக்சிக்கு மாறலாமா?

சென்னை மேடவாக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். 42 வயது. சிறுசேரியில் ஐ.டி. வேலை. மனைவி பக்கத்திலேயே ஒரு பள்ளியில் ஆசிரியை. 2 பிள்ளைகள். கூடவே அம்மா இருக்கிறார். முழங்கால் தேய்மானத்துக்காக மாதம் 2 முறை மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். வீட்டு வாசலில் அப்பா வாங்கிய 9 வருடப் பழைய பெட்ரோல் கார் நிற்கிறது. அப்பா போன வருடம் காலமாகிவிட்டார்.

காரை என்ன செய்வது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. தங்கை வீட்டுக்காரர், "இதை வித்துடுங்க மச்சான், ஆப் டாக்சியில ராஜா மாதிரி போகலாம்" என்கிறார். மனைவிக்கு, கும்பகோணம் போகும்போது மட்டும் செல்ஃப் டிரைவ் கார் எடுத்தால் போதும் என்று எண்ணம். அலுவலக நண்பர் ஒருவர், 9 லட்சத்தில் புது கார் வாங்கி, சும்மா நிற்கும் நாட்களில் வாடகைக்கு விட்டால் இ.எம்.ஐ. தானாக வந்துவிடும் என்கிறார். வாசகரோ இப்போது அப்பாவின் காரில்தான் தினமும் சிறுசேரி போகிறார். வழியில் 2 சக ஊழியர்களை ஏற்றிக்கொண்டு ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய் பெட்ரோல் காசு வாங்குகிறார். இது சட்டப்படி தப்பா? 10 வருடம் ஆன பெட்ரோல் காரை ஓட்ட விடமாட்டார்களாமே? வாடகைக் கார் விபத்தில் சிக்கினால் கம்பெனிதானே பொறுப்பு? இவை அவருடைய கேள்விகள்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, மகன் நான்தானே, மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இன்சூரன்ஸை மட்டும் ஆன்லைனில் தேர்டு பார்ட்டியாகப் புதுப்பித்துவிட்டேன்."

அன்புள்ள வாசகருக்கு,

காரா டாக்சியா என்பதற்கு 3 பக்கம் எழுதியிருக்கிறீர்கள்; ஆர்.சி.க்கு ஒரு வரி. நான் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் வழக்கறிஞர்களாகிய நாங்கள் முதலில் கேட்பது 2 கேள்விகள்: வண்டி யார் பெயரில் இருக்கிறது, பாலிசி யாரையெல்லாம் காப்பாற்றுகிறது? சொந்தக் கார், டாக்சி, வாடகைக் கார் மூன்றையும் நீங்கள் செலவுக் கணக்கில் மட்டும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். இந்த 2 கேள்விகளையும் அதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்

உரிமையாளர் இறந்தால் வாரிசு என்ன செய்ய வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு, 3 மாதம் வரை அந்த வண்டியை ஓட்டலாம். அந்த 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பாலிசியிலும் இதே கணக்குதான்: காப்பீடு எடுத்தவர் இறந்தால் 3 மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் தேதி வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரைதான் செல்லும். நீங்கள் 2 கெடுவையும் தாண்டிவிட்டீர்கள். அது போதாதென்று, காலமானவர் பெயரிலேயே பாலிசியைப் புதுப்பித்திருக்கிறீர்கள். பணத்தைக் கட்டியதும் கம்ப்யூட்டர் பாலிசியை அனுப்பிவிடும். உயிரோடு இருக்கிறாரா என்று அது கேட்பதில்லை. விபத்து நடந்து கிளெய்ம் போகும்போதுதான் கம்பெனி கேட்கும். இறந்தவரோடு ஒப்பந்தம் எப்படி என்று அவர்கள் ஆரம்பித்தால் உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு நேரும் மரணம் அல்லது ஊனத்துக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறது. அது ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு மட்டும். அந்தப் பிரீமியத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தால், இல்லாத அப்பாவுக்காகக் கட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கோ மனைவிக்கோ அதில் ஒரு ரூபாய்கூட வராது. நீங்களே ஓட்டிப்போய் மீடியனில் மோதினால், மற்றவர்களுக்கான தேர்டு பார்ட்டி பாலிசியிலும் குடும்பம் கேட்க வழியில்லை. உரிமையாளரிடம் வண்டியை வாங்கி ஓட்டுபவர் அவருடைய இடத்திலேயே நிற்கிறார் என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது.

"மகன் நான்தானே" என்பதையும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். உயில் எதுவும் இல்லையென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் காரில் அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சம பங்கு. வாரிசுச் சான்றிதழில் தங்கை பெயரும் வரும். பெயர் மாற்றத்துக்கு அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை விற்கச் சொல்வதை நீங்கள் வெறும் யோசனையாகப் பார்க்கிறீர்கள். ஒருவேளை அவர்கள் பங்கைப் பற்றியும் யோசித்திருக்கலாம். வாய்விட்டுக் கேட்கச் சங்கடமாக இருந்திருக்கும். தப்பில்லை. வண்டியின் இன்றைய விலையைப் பேசி, தங்கைக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. வாரிசுகளுக்குள் பேசாமல் விட்ட சின்ன விஷயங்கள்தான் பிறகு நீதிமன்றம் வரை வருகின்றன.

சரி, விற்பது என்றே முடிவெடுத்தாலும் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. விற்பனைக்கான 29, 30-ஆம் படிவங்களில் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். அது இப்போது யாராலும் முடியாது. "நான் பார்த்துக்கறேன் சார்" என்று சொல்லும் புரோக்கரிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். வண்டி கை மாறிக் கை மாறிப் போனாலும், விபத்து நடந்த நாளில் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பது 2018-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. உங்கள் விஷயத்தில் நோட்டீஸ் வாரிசுகளைத் தேடி வரும்.

10 வருடக் கதை டெல்லியைப் பற்றியது. தேசியத் தலைநகர் பகுதிக்கென்று தனியாகப் போடப்பட்ட கட்டுப்பாடு அது. அங்கேயும் 10 வருடம் டீசல் வண்டிக்குத்தான், பெட்ரோலுக்கு 15. தமிழ்நாட்டில் 15 வருடம் முடிந்ததும் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யை இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். உங்கள் கார் இன்னும் 6 வருடம் கேள்வியில்லாமல் ஓடும்.

சக ஊழியர்களின் பெட்ரோல் காசு

நீங்கள் பயந்த அளவுக்கு இதில் தப்பில்லை. சொந்தக் கார் பாலிசி தடுப்பது வாடகைக்கு விடுவதை. செலவைப் பிரித்துக்கொள்வது வேறு. நீங்கள் சொன்ன தூரப்படி போக வர ஏறக்குறைய 35 கிலோமீட்டர். மாதம் 20 நாள் என்றால் 700. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் பெட்ரோல் செலவு கிட்டத்தட்ட 4,700 ரூபாய். இருவரும் சேர்ந்து கொடுப்பது 3,000. மீதி உங்கள் கையிலிருந்து போகிறது. இதை வாடகை என்று சொல்லிவிட முடியாது. ஆளுக்கு 2,500 வாங்கி, யார் வந்தாலும் ஏற்றுகிறேன் என்று குழுவில் விளம்பரம் போட்டால் கதை மாறும். பெர்மிட் இல்லாமல் வாடகை ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஏ பிரிவில் வரும். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறையும் உண்டு.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. செலவு குறையட்டும் என்று தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருக்கிறீர்கள். ரோட்டில் போகிறவருக்கும் எதிர் வண்டிக்காரருக்கும்தான் அது. சொந்தக் காருக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால்தான் உண்டு. 2012-ல் உச்ச நீதிமன்றமே இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. வழியில் எங்காவது உங்கள் தவறால் ஒரு விபத்து நடந்து பின் சீட்டில் இருக்கும் நண்பருக்குக் கால் போனால், அவர் குடும்பம் கேட்கும் இழப்பீடு உங்கள் சம்பளத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் போகும். பின் சீட்டில் அம்மா இருந்தாலும் இதே நிலைமைதான்.

ஆப் டாக்சி: மாப்பிள்ளை சொல்வதில் பாதி உண்மை

மஞ்சள் போர்டு டாக்சியிலோ ஆட்டோவிலோ போகும் பயணிக்குச் சட்டமே காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. விபத்து என்றால் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயத்தில், இன்று உங்கள் வாசலில் நிற்கும் காரைவிட ஆப் டாக்சி அம்மாவுக்குப் பாதுகாப்பு. டிரிப் விவரத்தை அழித்துவிடாதீர்கள். வண்டி எண்ணும் நேரமும் அதில்தான் இருக்கின்றன. இழப்பீட்டு மனுவுக்கு 6 மாதம் என்ற கெடு இப்போது சட்டத்தில் இருக்கிறது. நம் ஊரில் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரவே சிலருக்கு அத்தனை மாதமாகிவிடும்.

பைக் டாக்சியை இதோடு சேர்க்காதீர்கள். வெள்ளை போர்டு பைக்கில் பின்னால் உட்காருபவருக்கு, அந்த பைக்கில் தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் எதுவும் கிடைக்காமல் போகலாம்.

"ராஜா மாதிரி" என்பது உங்கள் அலுவலகப் பயணத்துக்குப் பொருந்தாது. கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 700 கிலோமீட்டருக்கு 14,000. அதுவும் மழை நாளில் இல்லை. நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தில் 2 மடங்கு வரை வாங்க மத்திய அரசின் 2025 வழிகாட்டுதல்களே இடம் தருகின்றன. டிரைவர் காரணமில்லாமல் ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய், அபராதம் என்றும் அதிலேயே இருக்கிறது. காலை 8 மணிக்கு வாக்கரோடு வாசலில் நிற்கும் அம்மாவுக்கு அந்த 100 ரூபாயால் என்ன பயன்? (ஆட்டோவுக்கு 2013-ல் தமிழக அரசு போட்ட கட்டணம் 1.8 கிலோமீட்டர் வரை 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அந்த மீட்டரில் வருகிற ஆட்டோ உங்கள் தெருவில் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.)

செல்ஃப் டிரைவ்: போர்டின் நிறத்தைப் பாருங்கள்

ஊருக்குப் போக வாடகைக்கு எடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் எல்லாப் பொறுப்பும் கம்பெனிக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீடு, எல்லாம் முறையாக இருந்தால், அந்த வண்டியின் இன்சூரன்ஸிலிருந்து போகும். வழக்கு ஸ்டியரிங் பிடித்தவர் மேல்தான். அலட்சியமாக ஓட்டி மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் 5 வருடம் வரை சிறை. வண்டி யாருடையது என்பது அங்கே எடுபடாது.

சட்டப்படி வாடகைக்கு விடும் செல்ஃப் டிரைவ் காருக்குக் கருப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளை போர்டு வண்டியை யாராவது குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம். அதில் விபத்து நடந்தால் தீர்ப்பாயம், "இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்" என்று உத்தரவு போடும். உரிமையாளர் உங்களைத் தேடி வருவார்.

அப்புறம் அந்த "புரொடெக்‌ஷன் பிளான்". இன்சூரன்ஸ் மாதிரியே விற்கிறார்கள். பெரும்பாலும் அது வாடகைக் கம்பெனி உங்களோடு போடும் ஒப்பந்தம், அவ்வளவுதான். சேதத்தில் உங்கள் பங்கு எவ்வளவு, டயர், கண்ணாடி, அடிப்பாகம் சேருமா, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத உங்கள் மனைவி ஓட்டினால் செல்லுமா என்பதைப் பணம் கட்டும் முன் படியுங்கள். சாவி வாங்கும்போது பம்பரின் கீழ்ப்பக்கம், 4 வீல் ரிம், ஸ்டெப்னி, ஓடோமீட்டர் எல்லாம் தெரிய வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே, அவர்கள் ஆள் பக்கத்தில் இருக்கும்போது. டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை என்று வருபவர்களில் பலரிடம் வாங்கும்போது எடுத்த வீடியோ இருக்கும், கொடுக்கும்போது எடுத்தது இருக்காது. தகராறு என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அதிலும் ஆகவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது.

புது கார் வாங்கி வாடகைக்கு விடும் திட்டம்

இதை மட்டும் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: செய்யாதீர்கள். சொந்த உபயோகம் என்று பதிந்த காரை வாடகைக்கு விட்டால் மேலே சொன்ன 192-ஏ, பாலிசி மீறல், கடன் ஒப்பந்த மீறல் மூன்றும் சேர்ந்து வரும். முறைப்படி செய்யலாம் என்றால், 1989-ஆம் ஆண்டின் வாடகைக் கார் திட்டத்தில் உரிமம் வாங்கவே 50 வண்டிகள் வேண்டும். ஒரு கார் வைத்திருப்பவருக்கான ஏற்பாடு இல்லை அது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. என்னிடம் வந்த ஒருவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று நம்பி 3 நாள் வாடகைக்குக் காரைக் கொடுத்தார். அது வேறொரு மாவட்டத்தில் அடமானத்துக்குப் போய்விட்டது. திருட்டு என்று கிளெய்ம் போட்டார். "நீங்களே சாவியைக் கொடுத்திருக்கிறீர்கள், இது நம்பிக்கை மோசடி, திருட்டு இல்லை" என்று கம்பெனி மறுத்துவிட்டது. இ.எம்.ஐ. மட்டும் மாதாமாதம் தேதி தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

உங்கள் நண்பரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய 12,900. இன்சூரன்ஸ் கம்பெனிகளின் தேய்மான அட்டவணைப்படி 5-ஆவது வருட முடிவில் வண்டியின் மதிப்பு பாதியாகிவிடும். சாலை வரி தனி. இந்த 7 வருடத்தில் உங்கள் பாதையே மாறிவிடவும் கூடும். மெட்ரோ 2-ஆம் கட்டத்தில் மாதவரம் – சோழிங்கநல்லூர் தடம் மேடவாக்கம் வழியாக வருகிறது. மாதவரம் – சிறுசேரி தடம் ஓ.எம்.ஆர். வழியாகப் போகிறது. இரண்டும் சோழிங்கநல்லூரில் சந்திக்கின்றன. தூண்களைத் தினமும் பார்த்துக்கொண்டே காரில் போகிறீர்கள். சிறுசேரிக்குப் போவதற்காகவே ஒரு கடன் என்பது இந்த நேரத்தில் சரியாகப் படவில்லை. கம்பெனியிடம் மாதக் கட்டணத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளும் சந்தா கார்களுக்கும் இதே பதில்தான், ஆர்.சி. கம்பெனி பெயரில் இருந்தாலும், குத்தகையில் வண்டியைக் கையில் வைத்திருப்பவரையும் சட்டம் உரிமையாளராகவே பார்க்கும்.

என் யோசனை

அப்பாவின் காரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் பெயரில். அம்மாவின் மருத்துவமனைக்கும் குடும்பமாக வெளியே போவதற்கும் அது போதும். அலுவலகத்துக்குக் கம்பெனி பஸ் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, வாரத்தில் 3 நாளாவது அதில் போய்ப் பாருங்கள். மனைவிக்குச் சாதாரண மாநகரப் பேருந்தில் கட்டணமே இல்லை. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் 'சென்னை ஒன்' ஆப்பில் டிக்கெட் எடுக்கலாம். தங்கை குடும்பமும் சேர்ந்து கும்பகோணம் கிளம்பும் வருடத்துக்கு ஓரிரு முறை பெரிய வண்டியாகக் கருப்பு போர்டில் எடுங்கள். ஒரே வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அது வந்ததும் இறப்புச் சான்றிதழ், அம்மா, தங்கை கையெழுத்து, படிவம் 31 ஆகியவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகம். தாமதத்துக்குக் கட்டணம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்த கையோடு ஃபுல் இன்சூரன்ஸும் உங்களுக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடும் எடுங்கள். அப்பாவின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியம் தள்ளுபடி) மகனுக்கு மாறும் என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் பாலிசிக்கு அது இன்னும் செல்லுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். கிடைத்தால் பிரீமியம் கணிசமாகக் குறையும்.

இதெல்லாம் முடியும்வரை காரை வெளியே எடுக்காதீர்கள். அந்த 2 நண்பர்களிடமும் காரணத்தைச் சொல்லிக் கம்பெனி பஸ்ஸுக்கு வரச் சொல்லுங்கள், நீங்களும் அதிலேயே போங்கள். அம்மாவின் மருத்துவமனை நாட்களுக்கு முந்தின நாளே டாக்சி புக் செய்துவிடுங்கள்.